ரொட்டியால் கெட்ட ரோம நகரம்

ஒரு நகரத்தைக் கெடுப்பது லேசான காரியமில்லை. வட ஆபிரிக்காவில் ஒரு பழைய ரோம நகரம் இருக்கிறது. அதை முதலில் பூகம்பம் உலுக்கியது. பிறகு பாலைவன மணல் வந்து மூடியது. அதற்கும் தப்பி மிஞ்சிக் கிடந்ததை, ஆயிரத்துச் சொச்சம் வருடம் கழித்து, ஆக்லாந்தில் ஒரு சீமெந்துக் கட்டின்மேல் குந்தியிருந்தபடி நான் கெடுத்தேன். (நகரத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அந்த ஊரை நம்பி இன்னும் ஒன்றிரண்டு பேர் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பத்திநான்கு வயது. யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோர் ஒன்றில் படவரைஞனாக இருந்தவன். காணிகளின் எல்லையைக் கடதாசியில் கீறுவது தொழில். வேலியை ஒரு சாண் தள்ளிக் கீறிவிட்டால் இரண்டு குடும்பங்கள் மூன்று தலைமுறைக்கு வழக்காடும். ஆகவே கண்டதைக் கண்டபடி கீறவேண்டும் என்பது என் உடம்பில் ஊறிய பழக்கம். இந்தக் கதையில் எனக்கு வந்த கேடெல்லாம் பாதி அந்தப் பழக்கத்தாலும் பாதி இன்னொரு பழக்கத்தாலும் வந்தது.

நான் தனியாகத்தான் வந்திருந்தேன். மனைவி ராஜியும் ஐந்து வயது மகள் அபியும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தார்கள். "உம்மட தொழிலுக்கேற்ற வேலை ஒண்டு எடுத்து, அவையள் தாற கடிதத்தைக் கொண்டு வாரும். பெண்சாதி பிள்ளையின்ர விசாவுக்கு அது பெரிய பலம்" என்று எங்கள் ஆள் ஒருவர், லோயர், சொல்லியிருந்தார். நான் எட்டு மாதமாக அந்தக் கடிதத்துக்காக அலைந்தேன். போன இடமெல்லாம் ஒரே கேள்வி: நியூசிலாந்து அனுபவம் இருக்கிறதா? வந்து இறங்கிய எவனுக்கு அது இருக்கும்? மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினேன். அதை அனுபவம் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த எட்டு மாதத்தில் என்னோடு தினமும் கதைத்த ஒரே ஆள் பஸ் சாரதி. ஏறியவுடன் "ஹவ் ஆர் யூ?" என்பார். முதல் கிழமை நான் அதை உண்மையான கேள்வி என்று நம்பி, இடுப்பு வலி, ராஜியின் விண்ணப்பம், அபியின் காய்ச்சல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். பின்னால் ஏழு பேர் மழையில் நின்றார்கள். அதன் பிறகு "குட்" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைத்தொகுதிக்குப் போய், ஒன்றும் வாங்காமல், சனங்களுக்குள் இரண்டு சுற்று நடந்துவிட்டு வருவேன். யாருடைய தோளாவது தற்செயலாக இடித்து "சொறி" என்று சொன்னால் அன்றைய பொழுது நல்ல பொழுது. அவ்வளவு தனிமை.

அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் என்ற ஆய்வாளருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு படவரைஞர் தேவை என்று விளம்பரம் கண்டேன். போனேன். (இந்தக் கதையில் வெள்ளைக்காரர் பேசுவதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் என் நினைவில் எல்லாமே யாழ்ப்பாணத் தமிழாகத்தான் பதிந்திருக்கிறது. அப்படியே தருகிறேன்.)

மார்கரெட்டுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்கின் நுனியில் கண்ணாடி, தலைமயிருக்குள் ஒரு பென்சில், அதைத் தேட இன்னொரு பென்சில். மேசையில் ஒரு பெரிய நிலப்படத்தை விரித்தார். அந்த ரோம நகரத்தின் நடுச் சதுக்கம்.

"குணா, ஆக்கள் எந்த வழியால நடந்தவை எண்டு கண்டுபிடிக்கிறது சுகம். எங்க நிண்டவை, ஏன் நிண்டவை எண்டதுதான் எனக்கு வேணும்" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். வண்டிகள் உள்ளே வராமல் வாசலில் நட்ட கற்கள். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு ஓரிடத்தில் மட்டும் குழிந்திருந்தது. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லோரும் அதே இடத்தில் கையை ஊன்றிக் குனிந்திருக்கிறார்கள். வேலையில்லாதவர்கள் தளக்கல்லில் விளையாட்டுக் கட்டங்களைச் செதுக்கி வைத்திருந்தார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். காணி எல்லை கீறிய பதினொரு வருடத்தில், அந்தக் காணிக்குள் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

மார்கரெட்டுக்கு ஒரு தலையிடி இருந்தது. சதுக்கத்தின் வடகிழக்கு மூலை. அங்கே நிழல் இல்லை, தண்ணீர் இல்லை, கடை இல்லை. பாலைவனக் காற்று நேரே வந்து மோதும் இடம். ஆனால் அங்கேதான் கல் கூடுதலாகத் தேய்ந்திருந்தது, கட்டங்களும் கூடுதலாக இருந்தன. சனம் ஏன் அங்கே போய்க் கூடியது?

இதற்கு மார்கரெட் கண்ட வழி, உயிரோடு இருக்கிற ஒரு சதுக்கத்தைப் பார்ப்பது. ஆக்லாந்து நகர மையத்தில் ஒரு சதுக்கத்தைத் தெரிவு செய்தார். இரண்டு கிழமை, வேலை நாட்களில், மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை நான் அங்கே இருக்கவேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுத் தாளில், குந்தியிருப்பவருக்கு ஒரு வட்டம், நிற்பவருக்கு ஒரு பெருக்கல் குறி.

"ஒருத்தரோடயும் கதைக்கக்கூடாது. நீர் அங்க இல்லாத மாதிரி இருக்கவேணும். ஏலுமோ?" என்றார்.

எட்டு மாதமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். "ஏலும்" என்றேன்.

எல்லாம் சரியாக முடிந்தால் துறைத் தலைவரிடம் சொல்லி ஒரு வருடத்துக்கு வேலையும் கடிதமும் வாங்கித் தருவதாகச் சொன்னார். அன்று பஸ் சாரதி கேட்டபோது "வெரி வெரி குட்" என்றேன்.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சதுக்கத்தில் ஆஜர். அளப்பவன் முதலில் தேடுவது எல்லாம் தெரிகிற இடம். அப்படி ஓர் இடம் மூலையில் இருந்தது: ஒரு நீண்ட சீமெந்துக் கட்டு, இரண்டு கட்டடங்களுக்கு நடுவால் காற்று பீறிட்டு வரும் வாய். அதில் ஒரு குருவியும் குந்துவதில்லை. நான் குந்தினேன். முதல் நாள் தாள்களில் அந்த மூலை வெறுமையாக இருக்கும். என்னை நான் குறிக்கவில்லை. நான்தான் அங்கே இல்லையே.

இனிச் சாப்பாட்டுக் கதைக்கு வரவேண்டும். எனக்குச் சமைக்கத் தெரிந்தது ரொட்டியும், செத்தல் மிளகாய் இடித்த கட்டைச்சம்பலும் மட்டும். அதுவும் ராஜி தொலைபேசியில் சொல்லித் தந்தது. "ஒரு சுண்டு மா, அரைச் சுண்டு தேங்காய்ப்பூ, உப்பு. வெந்நீர் விட்டுக் குழையுங்கோ" என்றாள். அந்த அளவுக்கு எட்டு ரொட்டி வரும். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவள் சொல்லவுமில்லை. எல்லை பிரிக்கத் தெரிந்த எனக்கு மாப் பிரிக்கத் தெரியவில்லை. ஆகவே நாள்தோறும் எட்டு ரொட்டி சுட்டேன், எட்டையும் கொண்டு போனேன், மூன்றைச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, நான் பொதியை அவிழ்க்கும் நேரம் பார்த்து, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து கட்டின் மறு நுனியில் இருந்தார். பையிலிருந்து கம்பளி நூலை எடுத்துப் பின்னத் தொடங்கினார். மற்ற இடமெல்லாம் நிறைந்துவிட்டது போலும்.

நான் அகப்பட்டுக்கொண்டேன். பக்கத்தில் ஒரு சீவன் இருக்க, பொதியைப் பிரித்துத் தனியச் சாப்பிடுவது எங்கள் ஆட்களால் முடியாத காரியம். கொடுக்க மனமில்லாவிட்டாலும் "சாப்பிடுங்கோவன்" என்று கேட்டே ஆகவேண்டும். மற்றவர் "ஐயோ வேண்டாம், இப்பதான் சாப்பிட்டனான்" என்று சொல்லியே ஆகவேண்டும். மூன்று தரம் கேட்டு மூன்று தரம் மறுத்தால் இரண்டு பக்கத்து மரியாதையும் காப்பாற்றப்பட்டுவிடும். கதைக்கக்கூடாது என்பதால் நான் டப்பாவை மட்டும் அவர் பக்கம் நீட்டினேன்.

அந்த அம்மாவுக்கு இந்த ஒப்பந்தம் தெரியாது. முதல் தரமே "தாங் யூ டியர்" என்று ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டார். சம்பலையும் தொட்டுக்கொண்டார். கண் கலங்கியது. கொஞ்ச நேரம் மூச்சு விடாமல் இருந்துவிட்டு, "இதுக்குள்ள என்ன போட்டிருக்கு?" என்றார்.

கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? கதைப்பது வேறு, பதில் சொல்வது வேறு என்று எனக்கு நானே ஒரு தீர்ப்பு வழங்கிக்கொண்டேன்.

அவர் பெயர் டோரீன். எல்லர்ஸ்லியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வேலையென்று ஒன்றும் இல்லை. முன்னே தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். நாள் முழுக்க ஊர்ச் சனத்தை ஒருவரோடொருவர் இணைத்து விட்டவர். புருசன் செத்து இரண்டு வருடம். "வீட்டில ஒரே சத்தமில்லாமக் கிடக்கு. அதுதான் வாறனான்" என்றார். எனக்கு அது நன்றாக விளங்கியது.

புதன்கிழமை குப்பைத் தொட்டிகளை வெறுமையாக்க வரும் சியோனே என்ற தொங்காத் தீவுக்காரர் "என்ன மணக்குது?" என்று வந்தார். என்னைப் போல் இரண்டு ஆள் பருமன். அவருக்கும் ஒப்பந்தம் தெரியாது. இரண்டு எடுத்தார். வியாழக்கிழமை, மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் படிக்க வந்திருந்த கவிதா என்ற பெண் தூரத்திலேயே சம்பலைக் கண்டுபிடித்துவிட்டாள். "அண்ணா, நீங்க தமிழா? ஐயோ, காரமா ஏதாவது சாப்பிட்டு மூணு மாசம் ஆச்சுண்ணா" என்று பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு ஒப்பந்தம் தெரிந்திருந்தது. முறைப்படி இரண்டு தரம் மறுத்தாள். மூன்றாம் தரம் மறுக்க அவளால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கவிதா இரண்டு சிநேகிதிகளோடு வந்தாள். சியோனே தன் மச்சானைக் கூட்டி வந்தார். டோரீன் பஸ் தரிப்பிடத்தில் பழக்கமான இருவரை அழைத்து வந்தார். இரண்டாம் கிழமை நான் ஒரு சுண்டு மாவை மூன்று சுண்டாக்கினேன். (குறைக்கத் தெரியாதவனுக்குப் பெருக்கத் தெரியும்.) டோரீன் கேக் கொண்டுவந்தார், சியோனே அவித்த கிழங்கு கொண்டுவந்தார். ஒவ்வொரு பத்து நிமிடமும் நான் சம்பல் படாத விரலால் பென்சிலைப் பிடித்து, கண்டதைக் கண்டபடி குறித்தேன். கடைசி வெள்ளியன்று ஒரு மணித் தாளில் அந்த மூலையில் மட்டும் பதினான்கு வட்டம்.

வாசகர்கள் என்னை மோடன் என்று நினைக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், அவர்கள் என்னால் வந்தார்கள் என்பது எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. எட்டு மாதமாக ஒருவரும் திரும்பிப் பார்க்காத ஒருவனுக்கு, பதினான்கு பேர் தனக்காக வந்து இருக்கிறார்கள் என்று எப்படித் தோன்றும்? அந்த மூலையில்தான் ஏதோ விசேஷம் என்று நினைத்தேன். ராஜிக்கும் அதையே சொன்னேன்.

"இஞ்ச ஒரு மூலை இருக்கப்பா. சனம் தானா வந்து சேருது."

"நீங்களும் அங்கயோ இருக்கிறியள்?"

"ஓம்."

"அப்ப இப்ப கதைக்க ஆக்கள் இருக்கினம்" என்றாள். அவள் குரலில் எட்டு மாதமாகக் கேட்காத ஒரு நிம்மதி இருந்தது.

"நான் கதைக்கேலாது, ராஜி. இது ஆராய்ச்சி" என்றேன்.

தாள்களைப் பார்த்த மார்கரெட் எழுந்து நின்றுவிட்டார். இரண்டு பென்சில்களும் கீழே விழுந்தன. ரோம நகரத்தில் காற்று மோதும் வடகிழக்கு மூலை, ஆக்லாந்தில் காற்று மோதும் வடகிழக்கு மூலை. "குணா, உமக்கு விளங்குதோ? ஆக்களுக்குச் சொகுசு முக்கியமில்லை. எல்லாரையும் பார்க்கக்கூடிய இடம்தான் முக்கியம்!" என்றார். ஒரு கிழமையில் அதற்கு ஒரு கோட்பாடே எழுதிவிட்டார். துறை முழுவதற்கும் ஒரு உரை ஏற்பாடாகியது. தலைவர் வருவார். உரை முடிந்ததும் என் வேலை விசயம் பேசுவதாக மார்கரெட் சொன்னார்.

நான் இரண்டு நகரத்தின் படங்களையும் கண்ணாடித் தாளில் மையால் கீறினேன். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் மூலை மூலையோடு பொருந்தும். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் ஒரு படமும் கீறியதில்லை. பெருமை தாங்க முடியவில்லை. பெருமையைச் சொல்ல ராஜி பக்கத்தில் இல்லை. ஆகவே நான் ஒரு வேலை செய்தேன். உரைக்கு வரும்படி டோரீனையும் சியோனேயையும் கவிதாவையும் அழைத்துவிட்டேன். "நீங்களும் படத்தில் இருக்கிறீர்கள்" என்று சொன்னேன். டோரீன் அதற்காகத் தலைமயிர் சுருட்டிக்கொண்டு வந்தார்.

உரை பிரமாதம். நான் படத்தைத் திரையில் விழுத்தும் கருவிக்குப் பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டி நின்று, மார்கரெட் தலையசைக்கும்போது தாளை மாற்றினேன். வெண்திரையில் ரோம நகரம் தெரிந்தது. அதன்மேல் ஆக்லாந்து இறங்கியது. பதினான்கு வட்டமும் தேய்ந்த கல்லின்மேல் அச்சொட்டாக உட்கார்ந்தன. சபையில் "ஆ" என்று ஒரு மூச்சு எழுந்தது. அந்த மூச்சில் எனக்கு ராஜியும் அபியும் விமானத்திலிருந்து இறங்கி வருவது தெரிந்தது.

அப்போது தலைவர் கையை உயர்த்தினார். நெட்டை மனிதர், கேள்வி கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

"மார்கரெட், அந்தச் சதுக்கத்தால நான் பத்து வருசமா நடக்கிறன். அந்த மூலையில ஒருத்தரும் இருந்து நான் காணேல்லை. காத்து ஆளைத் தூக்கும். அங்க என்ன இருக்கு?"

மார்கரெட் பார்வைக் கோணம், நுழைவாயில் என்று தொடங்கினார். பின்வரிசையில் பின்னல் ஊசிகளின் சத்தம் நின்றது. உதவி செய்கிற நல்லெண்ணத்தோடு டோரீன் எழுந்து நின்றார்.

"ரொட்டி, மகனே" என்றார் தலைவரிடம். "குணா ரொட்டி கொண்டு வாறவர். அதுக்குத்தான் நாங்கள் போறனாங்கள்."

உடனே சியோனேயும் எழுந்தார். "சம்பலும்" என்றார்.

முதலில் சிரித்தது முன்வரிசையில் ஒரு பெடியன். பிறகு மண்டபம் முழுவதும். தலைவர் கண்ணைத் திறந்துவிட்டார். மார்கரெட் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"குணா, நீர் அவைக்குச் சாப்பாடு குடுத்தனீரோ?"

"குடுக்கேல்லை. பக்கத்தில இருந்தவை. எப்பிடித் தனியச் சாப்பிடுறது?"

"இந்த வட்டங்களில நீர் எது?"

"நான் இல்லை. நீங்கள்தானே இல்லாத மாதிரி இருக்கச் சொன்னனீங்கள்."

சிரிப்பு இரண்டாம் தரம் எழுந்தது. நான் தாள்களைப் பொறுக்கப் போய், கருவியின் வயரில் கால் தடக்கி, ரோம நகரத்தை இருட்டாக்கினேன். அதோடு பின்கதவால் வெளியேறினேன். வாசலில் டோரீன் "குணா! குணா!" என்று கூப்பிட்டது கேட்டது. நான் திரும்பவில்லை. வெட்கம் காதை அடைத்திருந்தது. பஸ்ஸில் சாரதி கேட்பதற்கு முன்பே பின்னிருக்கைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மார்கரெட் தொலைபேசியில் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்று சொல்லத்தான் என்று நினைத்து, பேனாக்களைத் திருப்பிக் கொடுக்கப் பையில் எடுத்துக்கொண்டு போனேன்.

"நீர் அந்த மூலையை வெறுமையா விட்டிருக்கலாம்" என்றார். "ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. நீர் பதினாலு வட்டத்தையும் போட்டிருக்கிறீர். உம்மை நான் நம்பலாம். திரும்பச் செய்வம்."

இந்த முறை சதுக்கத்தில் இல்லை. எதிரே ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி ஜன்னல். மறுபடி இரண்டு கிழமை. சதுக்கத்தில் காலே வைக்கக்கூடாது. அங்கே வருகிறவர்களுக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் அவர்கள் வேறு மாதிரி நடந்துகொள்வார்கள். இது சுத்தமாக வந்தால் தலைவர் கடிதத்தில் ஒப்பமிடுவார். "இது பிழைச்சா என்னால ஒண்டும் செய்யேலாது, குணா" என்றார். நான் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை பன்னிரண்டு பத்துக்கு டோரீன் வந்தார். பையைக் கட்டின்மேல் வைத்து, தன் வழக்கமான நுனியில் இருந்தார். நான் ஒரு வட்டம் போட்டேன். சியோனே வந்தார், ஒரு பெருக்கல் குறி. கவிதாவும் சிநேகிதிகளும் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு நாற்பதுக்கு டோரீன் பின்னலை மடியில் வைத்துவிட்டு நான்கு பக்கமும் பார்த்தார். என் ஜன்னல் பக்கமும் பார்த்தார். ஆனால் மேலே பார்க்கவில்லை. யார் மேலே பார்ப்பார்கள்? நான் கையை ஜன்னல் கண்ணாடியில் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். தட்டினாலும் கேட்டிருக்காது.

செவ்வாய், ஒரு வட்டம். புதன் மழை. குடையோடு ஒரு வட்டம். நான் அன்று கொண்டு போன ரொட்டியைச் சாப்பிட முடியாமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். இரண்டாம் கிழமை மற்றவர்கள் வந்து இருப்பது நின்றுவிட்டது, போகிற வழியில் டோரீனோடு இரண்டு சொல் கதைப்பதோடு சரி. காற்றடிக்கிற மூலைக்குச் சும்மா யார் வருவார்கள்? டோரீன் மட்டும் வந்து இருந்தார். நான் கீழே இறங்க மூன்று மாடி, ஒரு தெரு. இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை நான் ராஜிக்கும் அபிக்கும் கொடுக்கவேண்டியதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை.

கடைசி வியாழக்கிழமை பின்னேரம், தாள்களைக் கொடுக்கப் போகும்போது பல்கலைக்கழகப் படியில் கவிதாவைக் கண்டேன்.

"அண்ணா! இங்கதான் இருக்கீங்களா? அந்த டோரீன் அம்மா தினம் வந்து உங்களத் தேடுறாங்க."

"எனக்குத் தெரியும், தங்கச்சி."

"தான் வாயத் தொறந்ததாலதான் உங்களுக்கு வேலை போயிடுச்சுன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. ரொம்ப மனசு கஷ்டப்படுறாங்கண்ணா. நாளைக்கு நான் போய்ச் சொல்லிடவா, நீங்க நல்லாத்தான் இருக்கீங்கன்னு?"

"இப்ப ஜன்னலால பாத்து எண்ணுறன், நாளையோட முடியுது" என்றேன். "சொன்னா அவ வராம விடுவா, கணக்குக் குழம்பும். திங்கக்கிழமை நானே போய்ச் சொல்லுறன். சுடச்சுட ரொட்டியோட."

"ஆமா, ஒரு நாள்தானே" என்றாள் கவிதா.

வெள்ளிக்கிழமை டோரீன் வரவில்லை. பன்னிரண்டு தாளிலும் மூலை வெறுமை. ஆராய்ச்சிக்கு அதைவிடச் சுத்தமான முடிவு கிடையாது.

திங்கட்கிழமை நான் டப்பாவைத் துவாயில் சுற்றி, சூடு ஆறாமல் கொண்டுபோய்க் கட்டின்மேல் வைத்தேன். சியோனே ஓடி வந்து என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். டோரீன் எங்கே என்று கேட்டேன். வியாழக்கிழமைதான் கடைசியாகக் கண்டதாகச் சொன்னார். "உன்னைக் கண்டா, தான் மன்னிப்புக் கேட்டதெண்டு சொல்லச் சொன்னவ" என்றார். செவ்வாய் வரவில்லை. அந்தக் கிழமை வரவில்லை. அந்த மாதம் முழுவதும் நான் போனேன். அவருடைய முழுப் பெயர் எனக்குத் தெரியாது. ரொட்டி கொடுத்த நான் அதையும் கேட்டு வைத்திருக்க வேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லர்ஸ்லிக்குப் போய்த் தெருத் தெருவாக நடந்தேன். ஜன்னல்களில் பின்னல் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஒரு நாய் மட்டும் என்னை விசாரித்தது. அவர் ஊர் மாறினாரோ, நோயில் விழுந்தாரோ, என் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு வேறு சதுக்கத்துக்குப் போனாரோ, இன்றுவரை தெரியாது.

கடிதம் கிடைத்தது. அடுத்த வருடம் ராஜியும் அபியும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் அபி என்னை அடையாளம் காணாமல் தாயின் பின்னால் ஒளிந்தாள்.

மார்கரெட் கோட்பாட்டைக் கைவிட்டு வேறு கட்டுரை எழுதினார். தேய்ந்த கல்லை வைத்து ஆட்கள் நின்றார்கள் என்று சொல்லலாம், ஏன் நின்றார்கள் என்று கல் சொல்லாது என்பது அதன் சாரம். அந்த மூலையில் யாராவது சாப்பாடு கொடுத்திருக்கவும் கூடும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார். கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: முதல் இரண்டு வார அவதானிப்பு, அவதானித்தவரின் மதிய உணவு காரணமாக விலக்கப்பட்டது. உலக அறிவுக்கு எங்கள் பரம்பரை செய்த ஒரே பங்களிப்பு இதுதான். ராஜி அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதைக் குழப்பினாலும் "மதிய உணவு காரணமாக" என்பதுதான் விளக்கம். அபி கார்ச் சோதனையில் மூன்று தரம் தவறியது மதிய உணவு காரணமாக. மருமகன் தன் கலியாணத்துக்கே பிந்தி வந்தது மதிய உணவு காரணமாக. தமிழ் தெரியாத பேரனும் அதை மட்டும் பிழையில்லாமல் சொல்வான்.

போன வருடம் வீடு மாறும்போது பழைய தாள்கள் வெளியே வந்தன. அபி முதல் இரண்டு கிழமைத் தாள்கட்டைப் புரட்டிப் புரட்டிச் சிரித்தாள். ஜன்னலிலிருந்து குறித்த இரண்டாம் தாள்கட்டை எடுத்தவள் சிரிப்பை நிறுத்தினாள். தாளுக்குத் தாள், வெறும் மூலையில் ஒரே இடத்தில் ஒரே ஒரு வட்டம்.

"ஹூ இஸ் திஸ், அப்பா?"

அந்தப் பாதிக் கதையை நான் அதுவரை வீட்டில் சொன்னதில்லை. சொன்னேன். ராஜி பெட்டி கட்டுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒய் டிட்ன்ட் யூ ஜஸ்ட் கோ டவுன்?" என்று அபி கேட்டாள்.

பழக்கதோசத்தில் "மதிய உணவு காரணமாக" என்று தொடங்கினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் சொல்லி முடிக்கவில்லை.